பழைய கார் வாங்கப் போறீங்களா? எஞ்சினுக்கு முன்னால பேரைப் பாருங்க

எங்கள் வகுப்பில் மட்டும் மூணு பேர் வீட்டில் கார் வாங்கும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. மூணுமே செகண்ட் ஹேண்ட். லீவு நாளெல்லாம் சித்தப்பா ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தே வளர்ந்தவன் என்பதால், "என்ன பாக்கணும்னு சொல்லுடா" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். கோவில்பட்டிப் பக்கம் இல்லாதவர்களும் படிக்கலாம், தப்பில்லை :-)

கார் பார்க்கப் போனால் நம் ஆள்கள் முதலில் என்ன செய்வார்கள்? பானெட்டைத் திறப்பார்கள். ஒண்ணும் புரியாவிட்டாலும் ரெண்டு நிமிஷம் உள்ளே உற்றுப் பார்ப்பார்கள். ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொல்லி, தலையை ஆட்டுவார்கள். ஆர்.சி. புத்தகத்தைக் கடைசியில், அட்வான்ஸ் கொடுத்த பிறகு, டீ குடிக்கும்போது புரட்டுவார்கள். நான் சொல்வது இதற்கு நேர் தலைகீழ். முதலில் காகிதம். அப்புறம்தான் எஞ்சின். எஞ்சின் கெட்டால் காசு செலவழித்துச் சரி செய்யலாம். காகிதம் கெட்டால் எந்த மெக்கானிக்காலும் முடியாது.

எங்கள் பெரியப்பா கதையைச் சொன்னால் புரியும். 2017-ல் தன் பழைய ஆம்னி வேனை ஒரு புரோக்கரிடம் விற்றார். கையில் ரொக்கம். 29, 30 நம்பர் ஃபாரங்களில் வெறும் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார்கள். யார் வாங்குகிறார் என்ற இடம் காலி. "அண்ணாச்சி, நீங்க கையெழுத்துப் போட்டாச்சுல்லா, மத்ததெல்லாம் வாங்குறவரு பாத்துக்கிடுவாரு" என்றார் புரோக்கர். பெரியப்பாவும் நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிட்டார்.

2021-ல் தபாலில் ஒரு நோட்டீஸ். வேறு மாவட்டத்தில், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்கு. அந்த வேன் மோதி பைக்கில் போன ஒருவருக்குக் கால் போய்விட்டது. இன்சூரன்ஸ் 2018-லேயே முடிந்து, யாரும் புதுப்பிக்கவில்லை. வண்டி அதற்குள் மூன்று கை மாறியிருந்தது. ஆனால் ஆர்.டி.ஓ. ரெக்கார்டில் ஓனர் யார்? எங்கள் பெரியப்பா. "வித்த வண்டிக்கு நான் எதுக்குப் பொறுப்பு?" என்று கேட்டார். 20 ரூபாய் பத்திரத்தில் எழுதிய விற்பனை ஒப்பந்தத்தையும் எடுத்து வக்கீல் முன்னால் வைத்தார். வக்கீல் அதைப் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தாராம்.

ஏன் என்றால் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய் குமார் என்ற வழக்கில் இதைத்தான் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கிலும் ஏறக்குறைய இதே கதை. 2007-ல் விற்ற கார், அடுத்தடுத்துப் பல பேருக்குக் கை மாறி, 2009-ல் விபத்து. எந்தக் கையிலும் பெயர் மாற்றவில்லை. யார் பெயர் பதிவேட்டில் இருக்கிறதோ அவர்தான் ஓனர், இழப்பீடு அவர் பொறுப்பு என்று தீர்ப்பு. கேட்டதும் அநியாயமாகத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் கால் போனவர் பக்கம் நின்று பாருங்கள். அவர் மூன்று புரோக்கர்களையும் நான்கு ஓனர்களையும் ஊர் ஊராகத் தேடிக்கொண்டு அலைய முடியுமா? பதிவேட்டில் இருக்கிற ஒரே ஒரு பெயரைத்தான் அவரால் பிடிக்க முடியும். பெரியப்பா வேண்டுமானால் வாங்கியவர்களைத் துரத்தலாம். புரோக்கர் போன் அன்றிலிருந்து இன்றுவரை ஸ்விட்ச்டு ஆஃப்.

இது விற்கிறவர் பிரச்சினைதானே, வாங்குகிற நமக்கு என்ன என்று கேட்காதீர்கள். நாளைக்கு நீங்களும் விற்கத்தான் போகிறீர்கள். அது தவிர, ஆர்.சி.யில் இருப்பவர் ஒருவர், உங்களிடம் விற்பவர் இன்னொருவர் என்றால் அவருக்கு அந்த வண்டியை விற்க உரிமையே இருக்கிறதா என்பது முதல் கேள்வி. பி.காம். மக்கள் பிசினஸ் லா பேப்பரில் 1930-ஆம் வருஷச் சரக்கு விற்பனைச் சட்டம் படித்திருப்பீர்கள். 16-வது பிரிவு, வாங்குகிறவனே உஷார். 27-வது பிரிவு, தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது. பரீட்சைக்கு உருப்போட்டு மறந்த இந்த ரெண்டும்தான் பழைய கார் வியாபாரத்தின் மொத்தச் சட்டமும்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. பரிவாகன் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டால் பதிவு தேதி, எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் எதுவரை, ஃபைனான்ஸ் இருக்கிறதா என்பதெல்லாம் வந்துவிடும். அபராத சலான் பாக்கியையும் பார்த்துவிடுங்கள். ஃபைனான்ஸ் இருந்தால், "அதெல்லாம் கட்டி முடிச்சாச்சு தம்பி" என்ற வாய் வார்த்தை போதாது. கடன் கொடுத்தவரின் என்.ஓ.சி.யும் 35-ஆம் நம்பர் ஃபாரமும் கைக்கு வர வேண்டும். எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் ரெண்டையும் ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். 29, 30 ஃபாரங்களை உங்கள் பெயர் எழுதிய பிறகே வாங்குங்கள். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள், வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவு. 2023 ஏப்ரல் 1 முதல் டீலர்களுக்கும் விதி வந்துவிட்டது. அங்கீகாரம் வாங்கிய டீலரிடம் வண்டியை விட்டால், 29சி ஃபாரம் மூலம் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கலாம், அதன்பின் பொறுப்பு டீலர் தலையில். நம் ஊர் டீக்கடை வாசல் புரோக்கர்களில் எத்தனை பேர் அந்த அங்கீகாரம் வாங்கியிருப்பார்கள் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன்.

இன்சூரன்ஸில் ஒரு நுணுக்கம். மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு வண்டியோடு தானாக உங்களுக்கு வந்துவிடும். ஆனால் உங்கள் காரே நசுங்கினால் வரும் பணம் அப்படித் தானாக வராது. 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிப் பெயர் மாற்ற வேண்டும். பழைய ஓனர் கிளெய்ம் பண்ணாமல் சேர்த்து வைத்த போனஸ் அவரோடு போய்விடும், உங்களுக்கு வராது. அந்த வித்தியாசத் தொகையைக் கம்பெனி உங்களிடம்தான் கேட்கும். பேரம் பேசும்போதே இதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காகிதம் சுத்தம் என்றால் இப்போது வண்டி பக்கம் போகலாம். அதற்கு முன் ஒரு சின்ன எகனாமிக்ஸ் (ஓடாதீர்கள்!). ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். மூன்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பிய கட்டுரை. 2001-ல் நோபல் பரிசு வந்ததற்கு அதுதான் அடிப்படை. விஷயம் எளிது. நல்ல கார் 3 லட்சம், ஓட்டை கார் 1 லட்சம் பெறும். எது எதென்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் நடுவாக 2 லட்சம் என்பார். 3 லட்ச வண்டிக்காரர் "போங்கய்யா" என்று வண்டியை வீட்டிலேயே வைத்துக்கொள்வார். சந்தையில் மிஞ்சுவது ஓட்டைகள்தான். ஓட்டைக் காருக்கு அமெரிக்காவில் 'எலுமிச்சை' என்று பட்டப்பெயர். நாம் என்னடாவென்றால் வண்டி எடுத்த அன்றே டயருக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்குகிறோம்! இதிலிருந்து எனக்குக் கிடைத்த பாடம், சந்தைக்கு வராத வண்டியைத் தேடுவதுதான். தெருவில் ரிட்டயர்டு வாத்தியார் வீட்டு வாசலில் நிற்கிறதே, அந்த மாதிரி. சர்வீஸ் பண்ணுகிற மெக்கானிக்கிடம் கேட்டால் யார் விற்கப்போகிறார் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

வயசு? என் ஓட்டு 5, 6 வருஷ வண்டிக்கு. இன்சூரன்ஸ் கணக்கில் 5 வருஷம் முடிவதற்குள் மதிப்பு பாதியாகிவிடுகிறது. அந்தப் பாதியை முதல் ஓனர் ஏற்கெனவே அழுதுவிட்டார். ரொம்ப மலிவு என்று 14 வருஷ வண்டிக்கு ஆசைப்படாதீர்கள். 15 வருஷத்தில் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000. தகுதிச் சோதனைக்காகப் பார்க்க வேண்டிய வேலைகளும் பசுமை வரியும் தனி.

காலையில், எஞ்சின் சூடாகும் முன் போய்ப் பாருங்கள். நீங்கள் போகும்போதே பானெட் சூடாக இருந்தால், ஸ்டார்ட்டிங் கோளாறை மறைக்க ஏற்கெனவே ஓட விட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்காவிட்டால் கூலன்ட் உள்ளே போகிறது. ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கம் மோர் மாதிரி வெளுத்திருந்தாலும் அதே சந்தேகம்தான். டிங்கரிங் பார்க்க ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்று போதும், பட்டி வைத்துப் பெயின்ட் அடித்த இடத்தில் ஒட்டாது (பம்பர் பிளாஸ்டிக், அதில் ஒட்டிப் பார்த்துவிட்டுச் சண்டைக்குப் போகாதீர்கள்). மீட்டரை நம்பாதீர்கள், பெடல் ரப்பரை நம்புங்கள். 10 வருஷ வண்டியில் 38,000 கிலோமீட்டர் என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 10 கிலோமீட்டர். பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் அந்தக் கணக்கு உதைக்கிறது என்று அர்த்தம்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை மட்டும் தொடவே தொடாதீர்கள். சென்னையில் 2015 டிசம்பர், மறுபடி 2023 டிசம்பரில் மிக்ஜாம். அதே மாதம் 17, 18 தேதிகளில் நம்ம தூத்துக்குடி மாவட்டம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது மறக்கிற விஷயமா? மூழ்கிய கார்கள் எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடவில்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், தண்ணீர் நின்ற கோடு தெரியும். மேட்டுக்கு அடியில், ஸ்டெப்னி குழியில், சீட் ஓடும் தண்டவாளத்தில் வண்டலும் துருவும் இருக்கும். கழுவினாலும் வாசனை போகாது. உள்ளே ஏறியதும் குப்பென்று ஏர் ஃபிரெஷ்னர் அடித்தால், ஏன் என்று யோசியுங்கள்.

வாங்கியாச்சு. இனி கரிசல் காட்டில் வைத்துக் காப்பாற்றுவது எப்படி?

நம்ம மண்ணைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெயிலில் கால் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். ஐப்பசி மழை பெய்தால் செருப்பு ஒவ்வொன்றும் ஒரு கிலோ கூடிவிடும். அதே பசை மண்தான் சக்கரத்துக்கு மேலே மட்காடுக்குள் போய் அப்பிக்கொள்கிறது. வெளியே காய்ந்தாலும் உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். தகரம் அங்கிருந்துதான் அரிக்கத் தொடங்கும். எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் கிராமங்களுக்கு மழை நாளில் போய்வந்தால் மேலே பளபளப்பாகத் துடைப்பதை விட்டுவிட்டு, முதலில் அடியிலும் மட்காடு உள்ளேயும் தண்ணீர் பீய்ச்சுங்கள். கதவின் அடி ஓரத்தில் தண்ணீர் வடியச் சின்ன ஓட்டைகள் இருக்கும். மண் அடைத்திருந்தால் ஒரு குச்சியால் குத்திவிடுங்கள். செலவே இல்லாத வேலை. ஒர்க்‌ஷாப்புக்கு வருகிற பாதித் துருவும் இதைச் செய்யாததால் வருவதுதான்.

மழை போனால் புழுதி. ஆடிக் காத்தில் கயத்தாறு காற்றாலைகள் சுற்றுகிற வேகத்தில் நம் ஏர் ஃபில்டரும் நிரம்புகிறது. கம்பெனிப் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் வரை காத்திருக்காமல் அடிக்கடி திறந்து பாருங்கள். காற்றடித்துச் சுத்தம் செய்தால் உள்ளிருந்து வெளிப்பக்கமாக அடிக்க வேண்டும். மாற்றி அடித்தால் தூசி காகிதத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும்.

அதைவிட முக்கியம் தண்ணீர். நம் போர் தண்ணீரில் சுண்ணாம்பும் உப்பும் எவ்வளவு என்று வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியைப் பார்த்தாலே தெரியும். அதையே ரேடியேட்டரில் ஊற்றினால் அதே வெள்ளை அடை அதன் குழாய்களுக்குள்ளும் படியும். சித்திரை வெயிலில் நாலுவழிச் சாலையில் சாத்தூர் தாண்டும்போது டெம்பரேச்சர் முள் ஏறுகிறதே, அதற்குப் பல நேரம் இதுதான் காரணம். கூலன்ட் மட்டும், இல்லாவிட்டால் பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர். பேட்டரிக்கும் அதேதான்.

பெட்ரோல் வண்டிக்காரர்களுக்கு ஒன்று. 2025-ல் நாடு முழுக்க 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. 2023 ஏப்ரலுக்கு முன் வந்த பல வண்டிகள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. மைலேஜ் கொஞ்சம் குறையும், அதை விடுங்கள். பெட்ரோல் போகும் ரப்பர் குழாய்கள், வாஷர்களில் வெடிப்போ கசிவோ இருக்கிறதா என்று சர்வீஸ் சமயத்தில் பார்க்கச் சொல்லுங்கள். டயரையும் பட்டன் ஆழத்தை மட்டும் வைத்து எடைபோடாதீர்கள். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்தது. வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தி வைப்பவர்கள் எலிக்கும் ஒரு வழி பாருங்கள். காட்டுப் பக்கத்து எலிக்கு ஒயரிங் என்றால் கடலை மிட்டாய் மாதிரி. எங்கள் சித்தப்பா பானெட்டுக்குள் புகையிலைப் பொட்டலம் வைக்கிறார், இதுவரை பலித்திருக்கிறது.

பேரத்துக்கு நல்ல மாசம் எது என்று ஒருத்தன் கேட்டான். ஆடியும் மார்கழியும்தான். நம் பக்கம் அந்த ரெண்டு மாசமும் யாரும் வண்டி எடுக்க மாட்டார்கள், விற்பவர் இறங்கி வருவார். வீட்டில் பெரியவர்கள் கூடாது என்றால் மார்கழியில் விலை பேசி, எழுதி வாங்கிக்கொண்டு சின்ன அட்வான்ஸ் கொடுங்கள். தை பிறந்ததும் மீதியைக் கொடுத்து வண்டியை எடுக்கலாம். எடுத்த கையோடு கழுகுமலைக்குப் போங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் விற்றவரையும் கூட்டிக்கொண்டு முதலில் 29, 30 ஃபாரத்தோடு ஆர்.டி.ஓ. ஆபீஸ்.