அம்மாவுக்காக முள்ளெடுத்தது

அம்மாவின் தொண்டையில் ஒருமுறை ரோகு முள் சிக்கிவிட்டது. மருத்துவரிடம் போய்த்தான் எடுக்க முடிந்தது. அதற்குப் பிறகு வீட்டில் மீன் வாங்கும் நாட்களில் ரசமும் அப்பளமுமாக ஒதுங்கிவிடுவார். குழம்பு வாசம் அவருக்குப் பிடிக்கும் என்று தெரிந்துகொண்டே பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது எனக்கு வலித்தது. மீன் அறுக்கக் கற்றுக்கொண்டது அந்த வலியால்தான்.

கற்றுக்கொடுத்தவர் ஆழியாறு அணைப் பக்கம் மீன் சுத்தம் செய்து தரும் ஒரு அக்கா. அணையில் குஞ்சு விட்டு வளர்க்கும் கட்லா, ரோகு, மிர்கால் ஒருபுறம், தானாகப் பெருகும் ஜிலேபி ஒருபுறம் என்று அவர் முன்னால் குவிந்திருக்கும். “அம்மாவுக்குன்னா கெண்டை ஜாதி வேண்டாமுங்க, ஜிலேபி எடுத்துக்குங்க” என்றார். ரோகு, கட்லா எல்லாம் கெண்டைக் குடும்பம். நடுமுள், விலாமுள் போக, சதைக்குள்ளேயே கவை பிரிந்த சன்ன முட்கள் புதைந்திருக்கும். ஜிலேபியில் அவை கிடையாது. 1952-இல் வெளியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மீன் அது. நம் ஊர் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டதே என்ற வருத்தம் எனக்கு உண்டு. ஆனாலும் அம்மாவுக்கு அதுதான் தோது.

முதுகுத் துடுப்பு குத்தும் என்பதால் முதலில் அதை நறுக்கிவிட வேண்டும். செதிலை வாலிலிருந்து தலைப்பக்கமாக உரச வேண்டும். வயிற்றைக் கீறும்போது கத்தி நுனிக்கு மேல் உள்ளே போகக் கூடாது, பித்தப்பை உடைந்தால் சதை கசந்துவிடும். ரோகு, கட்லாவின் பித்தப்பையை மருந்தென்று பச்சையாக விழுங்குகிறவர்கள் உண்டு. அது சிறுநீரகத்தையே செயலிழக்க வைக்கும் நஞ்சு. தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

அணை மீன் சேறு நாறும் என்று சொல்லிக் கடல் மீனையே தேடுகிறவர்கள் எங்கள் பக்கம் நிறைய. தண்ணீரில் இருக்கும் பாசியும் நுண்ணுயிரிகளும் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள்தான் அந்த வாடைக்கு முக்கியக் காரணம். புளியும் எலுமிச்சையும் அதை மட்டுப்படுத்தும். கவிச்சி வேறு. வயிற்றின் உட்புறக் கறுப்புச் சவ்வையும் நடுமுள்ளை ஒட்டி உறைந்த ரத்தத்தையும் விரலால் வழித்துக் கழுவினால் அது பெருமளவு போய்விடும். அவசரத்தில் பலரும் விட்டுவிடுவது இந்த இரண்டையும்தான்.

சதை எடுக்கப் பழகத்தான் நாளாயிற்று. செவுளுக்குப் பின்னால் நடுமுள் தட்டும்வரை ஒரு வெட்டு. பிறகு கத்தியைப் படுக்கவைத்து முதுகோரமாக வால்வரை இழுக்க வேண்டும். “அழுத்தாதீங்க. முள்ளு மேலயே போகட்டும். கரகரன்னு கேக்குதுங்களா?” என்பார் அக்கா. அந்தச் சத்தம் நின்றால் கத்தி சதைக்குள் இறங்கிவிட்டது என்று அர்த்தம். விலா எலும்பின் வளைவில் நுனியால் மட்டும் மெல்லத் தூக்க வேண்டும். வால் முனையை உப்புத் தொட்ட விரலால் பிடித்தால் வழுக்காது, தோலை உரித்துவிடலாம். அப்போதும் தலைப்பக்கம் நடுவரியில் சில முட்கள் மிஞ்சும். தடவிப் பார்த்து, அந்த வரியையே கீறி எடுத்துவிடுவேன்.

முதலில் வறுத்துக் கொடுத்தபோது அம்மா ஒவ்வொரு துண்டையும் பிய்த்துப் பார்த்துத்தான் வாயில் வைத்தார். இப்போது பார்ப்பதில்லை. அவர் என் விரலை நம்பி இருப்பதால், எடுத்த சதையைத் திருப்பிப் போட்டு இன்னொருமுறை தடவுகிறேன். ரோகுவில் நெருக்கமாகக் கீறல் போட்டு மொறுமொறுவென்று பொரித்தால் சன்ன முள்ளும் நொறுங்கிவிடும் என்கிறார் அக்கா. எங்களுக்கு அப்படிப் பொரித்துக்கொள்கிறோம். அம்மாவுக்கு வைக்கத் துணியவில்லை.