டூட்டியில் யாரு?

வெம்பக்கோட்டையில் ‘மருந்து’ என்றால் பட்டாசுக்குள் செலுத்தும் மருந்தும்தான். அதில் தவறு நடந்தால் ஊருக்கே சத்தம் கேட்கும். ஆஸ்பத்திரி மருந்தில் நடக்கும் தவறுக்குச் சத்தம் கிடையாது. யாராவது வாய் திறந்து சொன்னால்தான் உண்டு.

2018 டிசம்பரில், பக்கத்துச் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ரத்தசோகை இருந்த ஒரு கர்ப்பிணிக்கு ரத்தம் ஏற்றினார்கள். சிவகாசி ரத்த வங்கியிலிருந்து வந்த அந்த ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. அதைக் கண்டு சொன்னது எந்த அதிகாரியும் இல்லை. ரத்தம் கொடுத்த 19 வயதுப் பையன், வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் தனக்குத் தொற்று இருப்பது தெரிந்ததும், தானே போய்ச் சொன்னான். அந்த மாதம் முடிவதற்குள் தன் உயிரை மாய்த்துக்கொண்டான்.

செவிலியராக நான் வேலை பார்த்த வார்டில் ஊசி மாறிப்போனால் வரும் முதல் கேள்வி, “டூட்டியில யாரு?” எப்படி மாறியது என்று கேட்பாரில்லை. ஒரே மாதிரி இரண்டு மருந்துக் குப்பிகள் அதே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மெமோ ஒப்பந்தச் செவிலிக்குப் போகும். அடுத்த முறை அவள் ஏன் சொல்வாள்?

பட்டாசு ஆலையிலிருந்து வரும் அக்காக்கள், “இது என்ன ஊசிம்மா?” என்று கேட்டால் அதட்டல்தான் பதில். தவறைத் தடுக்கும் கடைசிக் கதவு அந்தக் கேள்வி.

மருந்தின் பாதிப்பை 1800-180-3024 என்ற இலவச எண்ணில் செவிலியரும் சொல்லலாம், நோயாளியும் சொல்லலாம். அந்த எண் வார்டுச் சுவரில் இருக்கட்டும். சொன்னவள் வேலையும் இருக்கட்டும்.