பென் டிரைவைப் பிடுங்காதீங்க, தம்பி

என் நாற்காலிக்குப் புதிதாக வந்த தம்பி சொன்னாராம்: "ஒரு பென் டிரைவைக் கழற்றவே கிளாக்கரையா கால் மணி நேரம் எடுப்பார்." ஆபீஸில் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். ஓய்வு பெற்றவனைப் பற்றி நாலு பேர் பேசுவது வழமைதான். ஆனால் அந்தக் கால் மணி நேரம் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லையே!

டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் எங்களுடையது. கொன்பிக்கர் மாதிரியான வைரஸ்கள் பென் டிரைவில் ஏறி ஊர் ஊராகத் திரிந்த காலத்தில், ஹட்டன் டவுனில் ஒரு பிரிண்ட் எடுத்து வந்தாலே ஆபீஸ் கணினி படுத்துவிடும். அதனால்தான் லினக்ஸுக்கு மாறினோம். கண்டி ஹந்தானை மலையின் பெயரில் இலங்கையிலேயே ஒரு லினக்ஸ் உருவான காலமும் ஏறக்குறைய அதுதான். வைரஸ் தொல்லை விட்டது. கழற்றும் தொல்லை பிடித்தது.

பிரதி செய்து முடிந்தது என்று திரை சொல்லும். கோப்பு இன்னும் நினைவகத்தில்தான் கிடக்கும். மடுவத்தில் கொழுந்தை நிறுத்துச் சிட்டையில் எழுதியாயிற்று என்பதற்காக அது ஸ்டோருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாக ஆகுமா? லொறி வர வேண்டாமா? லினக்ஸின் லொறி வழக்கமாக அரை நிமிடம் வரை தாமதிக்கும். டிரைவ் மந்தமானதென்றால் ஏற்றி இறக்கப் பல நிமிடங்கள் பிடிக்கும். நினைவகம் பெருகப் பெருகத் தேங்கி நிற்பதும் பெருகும். 8 ஜிபி கணினியில் ஒரு ஜிபிக்கு மேலேயே தேங்கலாம். புதுக் கணினி வேகமானது என்று நம்பிப் பிடுங்குகிறவர்தான் அதிகம் இழக்கிறார்.

இதை எனக்குக் காட்டியவர் ஹட்டனில் வகுப்பு நடத்திய ஒரு மாஸ்டர். தேங்கியதை டிரைவுக்கு அனுப்பும் சிங்க் கட்டளை கொடுத்துவிட்டு, இன்னொரு சாளரத்தில் நினைவகக் கணக்கான மெம்இன்போவைத் திறந்து, எழுதாமல் தேங்கியிருப்பதைக் காட்டும் 'டெர்ட்டி' என்ற வரியை மட்டும் பார்க்கச் சொல்வார். எண் மெல்ல மெல்ல இறங்கும். அது அடிமட்டத்துக்கு வரும்வரை டிரைவில் கைவைக்க விடமாட்டார். அவசரப்பட்டால் கையில் தட்டுவார். பிறகுதான் டிரைவின் இணைப்பை விடுவிக்கும் யூமவுண்ட் கட்டளை.

அங்கேதான் பெரிய முட்டுக்கட்டை. "இலக்கு வேலையில் இருக்கிறது" என்று மறுக்கும். இப்போதைய பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? யூமவுண்டோடு ஒரு எல் சேர்த்து அடித்துவிட்டு, "போச்சு பாருங்க ஐயா" என்கிறார்கள். பெயர் மட்டுந்தான் மறைகிறது, தம்பி! உள்ளே கோப்பைப் பிடித்திருக்கிறவன் பிடித்தபடியே இருக்கிறான், எழுத்து நடந்துகொண்டேயிருக்கிறது. மாஸ்டர் இதைத் திருட்டு வேலை என்பார். எல்எஸ்ஓஎஃப் அடித்து யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் அந்த டிரைவுக்குள்ளேயே போய் நிற்கும் நம் டெர்மினல்தான். சிடி அடித்து வெளியே வந்தால் தீர்ந்தது. இதற்குப் பொறுமை இல்லாதவர்களுக்குச் சான்றிதழ் மட்டும் எங்கிருந்து கிடைக்கிறதோ தெரியவில்லை.

ஃபாட் முறையில் அமைத்த டிரைவுக்கு ஜர்னல் என்ற மாற்றக் குறிப்பேடு கிடையாது. பாதியில் பிடுங்கினால், பழுது பார்க்கும் எப்எஸ்சிகேயை ஓட்டிய பிறகு எப்எஸ்சிகே0000.ரெக் என்று ஒரு அனாதைக் கோப்பு மிஞ்சும். அப்படி ஒன்றைத் திறந்து பார்த்திருக்கிறேன்: ஒரு டிவிஷனின் செக்ரோல், அதாவது வேலைநாள் பதிவேடு, நடுவில் அறுந்து கிடந்தது. 2021இல் வர்த்தமானியில் வந்த 1000 ரூபாய் நாட்சம்பளத்துக்காக தொழிலாளர்கள் எத்தனை வருடம் கத்தினார்கள்! அறுந்த வரியில் இருந்தது ஒருவருடைய ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் வேலைக் கணக்கு. சம்பளத்தன்று ஆபீஸ் வாசலில் நின்று கேட்கிறவருக்கு "டிரைவ் கெட்டுப்போச்சு" என்று பதில் சொல்ல என்னால் முடியாது. இவர்களால் முடிகிறது, ஃபோர்மட் பண்ணிவிட்டு வேறு வேலையைப் பார்க்கிறார்கள்.

கடைசியாக ஒன்று, தம்பி. அந்தக் கணினியின் டிரைவ்களை இணைக்கும் எப்எஸ்டேப் கோப்பில் பேக்கப் டிரைவுக்கு நான் எழுதிவைத்த யூயூஐடி (டிரைவின் அடையாள எண்) வரியைச் சுருக்கப் பார்க்காதீங்க. எஸ்டிபி1 என்று மாற்றினால் ஒரு நாள் வேறு டிரைவ் அந்தப் பெயரில் வந்து உட்கார்ந்துவிடும். கூடவே இருக்கும் நோஃபெயிலையும் எடுக்காதீங்க. எடுத்தால், டிரைவ் செருகாத நாளில் கணினி ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு அவசர நிலையில் போய் நின்றுவிடும்.