எங்க ஊர் டச்சுக் கல்லறை

எனக்கும் வரலாறுக்கும் ஆகவே ஆகாது. பத்தாம் வகுப்போடு தலைமுழுகிவிட்டுத்தான் காமர்ஸ் குரூப் எடுத்தேன். அந்த வரலாறு பி.காம். வகுப்புக்குள்ளேயே வந்து உட்காரும் என்று யார் கண்டது?

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் கம்பெனிச் சட்ட வகுப்பு அது. பாதிப் பேர் தூக்கத்தில். பங்கு என்று ஒன்று எப்படி ஆரம்பித்தது என்று மேடம் சொல்லிக்கொண்டிருந்தார். 1602ல் ஹாலந்தில் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, ஊர் மக்களிடமே பணம் திரட்டியதாம். சுமார் 64 லட்சம் கில்டர் சேர்ந்தது. கம்பெனி இயக்குநர் ஒருவர் வீட்டில் வேலை செய்த பெண்கூட 100 கில்டர் போட்டிருக்கிறாள். இந்த இடத்தில் எனக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. அப்புறம் சொன்னதுதான் வேடிக்கை. 1610ல் கொடுத்த முதல் டிவிடெண்டை அவர்கள் காசாகக் கொடுக்கவில்லை, ஜாதிபத்திரியாகக் கொடுத்தார்கள்! பிரியாணிக்குப் போடுகிற ஜாதிபத்திரியேதான். வகுப்பே சிரித்தது.

"இங்க யாரு பழவேற்காடு?" என்று கேட்டார் மேடம். கையைத் தூக்கினேன்.

"உங்க ஊர்லதாம்மா இந்தக் கம்பெனிக்குப் பெரிய ஆபீஸ். அந்தக் கல்லறையெல்லாம் பாத்திருப்பியே?"

பார்த்ததில்லை என்று சொல்ல வெட்கம். தலையை ஒரு மாதிரியாக ஆட்டி வைத்தேன். அது ஆமாவா இல்லையா என்று எனக்கே தெரியாது.

எங்கள் வீடு லைட்ஹவுஸ் குப்பத்தில். இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் ஏரி, நடுவில் மணல் திட்டில் நாங்கள். கடைத்தெரு, பஸ் எல்லாம் அக்கரையில் பழவேற்காட்டில்தான். இப்போது பாலம் இருக்கிறது. அதற்கு முன்னால் எல்லாவற்றுக்கும் படகுதான் என்று ஆயா சொல்லும். பஸ் பிடிக்கப் போகும்போது எத்தனையோ தடவை அந்தக் கல்லறை மதிலைத் தாண்டியிருக்கிறேன். உள்ளே போனதே இல்லை. பொம்பளைப் பிள்ளை கல்லறைக்குள் என்ன வேலையாகப் போகும்? ஞாயிற்றுக்கிழமையானால் மெட்ராஸிலிருந்து காரில் வருகிறவர்கள் உள்ளே போய் போட்டோ எடுத்துக்கொண்டு, வெளியே வந்து மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். நமக்கு அது அவர்கள் சமாச்சாரம்.

அடுத்த சனிக்கிழமை மீஞ்சூரிலிருந்து வகுப்புத் தோழி ஒருத்தி கிளம்பி வந்துவிட்டாள். "உங்க ஊரு ஆபீஸக் காட்டுடி" என்று. வேறு வழியில்லை.

வாசலிலேயே இரண்டு எலும்புக்கூடுகள். கல்லில் செதுக்கியது. பட்டப்பகலிலும் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அவள் அதன் தோளில் கை போட்டு போஸ் கொடுத்தாள். உள்ளே எழுபதுக்கும் மேற்பட்ட கல்லறைகள். சில கூம்பு மாதிரி உயரமாக, சில மண்டபம் மாதிரி, மற்றதெல்லாம் தரையோடு படுத்த பெரிய பெரிய கருங்கல் பலகைகள். ஒவ்வொன்றிலும் குடும்பச் சின்னம், பூ வேலை, அதைச் சுற்றி டச்சு எழுத்து. ஒன்றும் புரியவில்லை. ஆனால் பெயரும் வருஷமும் மட்டும் புரியும், அது போதுமே. ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம். எழுத்து நேற்று வெட்டியது போல இருக்கிறது. தொல்லியல் துறையின் போர்டு ஒன்று, சேதப்படுத்தினால் தண்டனை என்கிறது.

கோட்டை அப்படியில்லை. 1613ல் கட்டிய கெல்ட்ரியா கோட்டை, சோழமண்டலக் கரை முழுவதற்கும் டச்சுக்காரர்களுடைய தலைமையிடம். 1690ல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். நாகப்பட்டினத்தை இங்கிலீஷ்காரன் 1781ல் பிடித்துக்கொண்டதும் மறுபடி இங்கேயே வந்தார்கள். கடைசியில் 1825ல் இங்கிலீஷ்காரனிடமே கொடுத்துவிட்டுப் போனார்கள். இவ்வளவு பெரிய கதை நடந்த இடத்தில் இன்றைக்கு இருப்பது முள் புதரும், மேடும், அகழி இருந்த பள்ளமும். தோழிக்குப் பெரிய ஏமாற்றம். சதுரங்கப்பட்டினத்தில் இதே டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டைக்கு மதிலாவது நிற்கிறது. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களின் 1620ஆம் வருஷத்துக் கோட்டை மியூசியமாகவே இருக்கிறது. எங்களுக்கு மிஞ்சியது பக்கத்தில் இருக்கிற கோட்டைக்குப்பம் என்ற பெயர்தான்.

திங்கட்கிழமை மேடத்திடம் போய், இந்தத் தடவை உண்மையாகவே பார்த்துவிட்டேன் என்றேன். சிரித்துவிட்டு, வரலாறு எம்.ஏ. படிக்கிற அண்ணன் ஒருவரிடம் அனுப்பினார். அவரிடம் ஒரு மணி நேரம் பேசினேன். ஜாதிபத்திரி விளையும் பாண்டா தீவுகள் இந்தோனேசியாவில் இருக்கின்றன. அந்தப் பக்கத்து ஆட்களுக்கு வெள்ளிக் காசைவிட நம் கரையில் நெய்த துணிதான் வேண்டியிருந்தது. அதனால் கம்பெனி இங்கே துணி வாங்கி, அங்கே கொடுத்து, மசாலா வாங்கி ஐரோப்பாவில் விற்றது. பண்டமாற்றிலேயே லாபம். எங்கள் ஊர்த் துணி எவ்வளவு பிரபலம் என்றால், புலிக்கட் என்று இங்கிலீஷ் அகராதியில் தேடினால் வண்ணக் கைக்குட்டை என்று போட்டிருக்கிறது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அப்புறம் அவர் சொன்னதுதான் தொண்டையில் சிக்கிக்கொண்டது. கப்பலில் துணி மட்டும் போகவில்லை. 1620களிலிருந்து, பஞ்சம் வந்தபோதெல்லாம், சோற்றுக்கு வழியில்லாமல் விற்றுக்கொண்டவர்களையும் பெற்றவர்கள் விற்ற பிள்ளைகளையும் கம்பெனி வாங்கியது. ஆயிரக்கணக்கில். பழவேற்காட்டிலிருந்து கப்பலேற்றி பத்தேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அடிமைகளாக அனுப்பியது. கணக்கு எழுதுவதில் கெட்டிக்காரர்கள் ஆயிற்றே, அதையும் சரக்கு மாதிரி எழுதி வைத்திருக்கிறார்கள். எந்தக் கப்பலில் எத்தனை பேர் என்று. பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும்.

நான் படிப்பதும் கணக்குதான். சரக்குக் கொள்முதல், பற்று எழுது, வரவு எழுது என்று மூன்று வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு ரயிலில் திரும்பும்போது அந்தப் பேரேட்டில் அந்தப் பிள்ளைகளை எந்தத் தலைப்பில் எழுதியிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். இதற்கு மதிப்பெண் எல்லாம் கிடையாது, தெரியும். இருந்தாலும் யோசனை போகவில்லை.

இராத்திரி ஆயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆயா கருவாட்டைக் கூடையில் அள்ளிக்கொண்டே கேட்டது.

"அந்தக் கல்லுல நம்ம ஆளுங்க பேரு எதுனா இருந்துச்சா?"

"இல்ல ஆயா. எல்லாம் டச்சுக்காரன் பேருதான்."

"அவனுக்கு என்னா, கரையில செத்தான். கல்லு வச்சான்."

அதற்கு மேல் ஆயா பேசவில்லை. எங்கள் தாத்தா கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. உடம்பு கிடைக்கவில்லை. அப்பாவுக்கு அப்போது ஏழு வயசு. தாத்தா போட்டோகூட வீட்டில் கிடையாது, ரேஷன் கார்டு ஒன்றில் பெயர் மட்டும் இருந்தது, அதுவும் மழையில் போய்விட்டது. நான் இதுவரை அவர் பெயரை எங்குமே எழுதிப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நோட்டை எடுத்து ஆயாவைக் கேட்டுக் கேட்டு எழுதினேன். தாத்தா பெயர், அவருடைய அப்பா பெயர், அவருக்கும் அப்பா பெயர். அதற்கு மேல் ஆயாவுக்குத் தெரியவில்லை. பக்கத்துத் தெருவில் இன்னொரு பாட்டி இருக்கிறது, அதுக்குத் தெரியும் என்றது. நாளைக்குப் போகவேண்டும்.

நீங்கள் யாராவது பழவேற்காடு வருவதாக இருந்தால் சென்னை சென்ட்ரலிலிருந்து பொன்னேரி வரை ரயில், அங்கிருந்து பஸ். குளிர்காலத்தில் வந்தால் ஏரியில் பூநாரைகளையும் பார்க்கலாம். கல்லறை வெயிலுக்கு ஒதுங்க இடமில்லாத இடம், தண்ணீர் பாட்டில் கொண்டு வாருங்கள். அப்படியே கோட்டை மேட்டுக்கும் போய்விட்டு வாருங்கள், அங்கே பார்க்க ஒன்றும் இல்லை என்று யாராவது சொன்னாலும்.