பம்பைக் கழற்றும் முன்

நம் குடும்பத்தில் பழைய டீசல் வேன் ஒன்று உண்டு. இருக்கைகளை அகற்றிவிட்டு, கட்டிலுக்கும் அடுப்புக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் இடம் செய்த வண்டி. முதுகெலும்பு நோயால் வாப்பாவுக்கு நெடுநேரம் உட்கார இயலாது. தக்கலையிலிருந்து காயல்பட்டினத்து உறவினரைக் காண, அதில் படுத்தபடியே செல்வார்கள். அவ்வண்டி நின்றால் அவர்களின் பயணமும் நின்றுவிடும்.

அது மெல்லப் பழுதுபட்டது. இரவு முழுதும் நின்ற பின் காலையில் எளிதில் கிளம்பாது. ஆடி மாதத்தில் ஊர் திரும்புகையில், ஆரல்வாய்மொழிக் கணவாயின் எதிர்க்காற்றில் இழுவையின்றித் திணறும். பட்டறைக்காரர் ஒருவர், டீசல் பம்பையே கழற்ற வேண்டுமென்று பெருந்தொகை சொன்னார். தம்பியோ, பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றார்.

குளச்சலில் விசைப்படகு எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரிடம் சென்றோம். “முதலில் டேங்கைப் பாருங்கள், பம்பு எங்கும் ஓடிவிடாது” என்றார் அவர்.

முதலில் டேங்கின் மூடியைப் பார்த்தார். அதன் காற்றுத்துளை அடைபட்டால், டீசல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்பு இழுக்க இயலாமற் போகும். அடுத்தது அடியில் தங்கும் நீர். இரு பருவமழைகளையும் பெறும் மாவட்டம் நமது. காற்றிலும் ஈரம் மிகுதி. பாதி வெறுமையான டேங்கில் அவ்வீரம் இரவில் குளிர்ந்து நீராகிறது. டீசலினும் கனமாகையால் அடியில் தங்கித் துருவை வளர்க்கிறது. அத்துரு வடிகட்டியை அடைக்கிறது.

மூன்றாவது ரப்பர் குழாய். டேங்குக்கும் பம்புக்கும் இடையே உள்ளது இழுக்கும் வழி. அங்கே மயிரிழை வெடிப்பு இருந்தால், எஞ்சின் ஓடுகையில் டீசல் வெளியே ஒழுகாது. காற்றுதான் உள்ளே புகும். காற்று அமுங்கக்கூடியது. ஆகவே டீசலைப் பீய்ச்சுதற்குரிய அழுத்தம் உண்டாவதில்லை.

பழைய குழாயைக் கழற்றிவிட்டு, தூய டீசல் நிறைந்த கேனிலிருந்து புதுக்குழாய் வழியே பம்புக்கு ஊட்டினார். எஞ்சின் சீராக ஓடிற்று. பம்பு குற்றமற்றது என்பது அந்த ஒரே சோதனையில் விளங்கிற்று. பின் குழாயை மாற்றி, வடிகட்டியின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, குமிழியின்றி டீசல் வரும்வரை கைப்பம்பை அமுக்கித் திருகை இறுக்கினார். செலவு, குழாயின் விலையும் அவர் கூலியுமே. அடுத்த மாதமே வாப்பா காயல் சென்று தம் தமக்கையாரைக் கண்டு வந்தார்கள்.

பழைய வண்டி வைத்திருப்போர் விலைமிகுந்த உறுப்பைக் கழற்ற இசையும் முன், மூடி, நீர், வடிகட்டி, குழாய் என்று வரிசையாகச் சோதிக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் டேங்கை நிரப்பியே வண்டியை நிறுத்துங்கள். ரப்பர் குழாய் ஒழுகும்வரை காத்திராதீர்கள். ஒழுகாத குழாயும் காற்றை இழுக்கும்.