ஓரத்தில் தெரிந்த கால்கள்

1/
மீடியம் ஃபார்மட் ஃபிலிம் கேமரா பைத்தியங்கள் கொஞ்சம் பேர் சேர்ந்து ஒரு குழு வெச்சிருக்கோம். ஒரு வாரம் இயற்கைக் காட்சி, மறுவாரம் ஏதாவது ஒரு பொருள். எடுத்த படத்தைப் போடணும், மத்தவங்க குறை சொல்லணும். அப்படி நான் போட்ட ஒரு காபி ஃபில்டர் படத்தாலதான் எங்க அம்மாவோட இதய நோய் தெரிய வந்துச்சு. இத்தனைக்கும் நான் டாக்டர், அம்மா என்கூடத்தான் இருக்காங்க. கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

2/
கேமரா தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். 120 ஃபிலிம் 1901-ல் வந்தது, இன்னும் கிடைக்குது. சதுரப் படமா எடுத்தா ஒரு ரோலுக்கு 12தான். ஒவ்வொண்ணும் சுமார் 56 மி.மீ. சதுரம். சாதாரண 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு படம் 24×36தான். அதாவது பரப்பளவில் மூன்றரை மடங்குக்கு மேல். பெருசாக்கிப் பார்த்தா இலை நரம்பு வரைக்கும் தெரியும்.

3/
என்னுடையது யாஷிகா மேட் 124ஜி. நம்ம ஊர் பழைய ஸ்டூடியோக்காரங்க கழுத்துல தொங்கின மாதிரி ரெட்டை லென்ஸ் பெட்டி. மேல் லென்ஸ் நாம பார்க்க, கீழ் லென்ஸ் படம் பிடிக்க. குனிஞ்சு பார்த்தா இடமும் வலமும் மாறித் தெரியும். எக்ஸ்ரேயில் நோயாளியின் வலப்பக்கத்தை எங்க இடப்பக்கமா வெச்சுப் பார்த்தே பழகின எனக்கு அது பெரிய சிரமமா இல்லை.

4/
முதல் வாரம் தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காடு. கறுப்பு வெள்ளை ஃபிலிம், லென்ஸில் சிவப்பு ஃபில்டர். செம்மண் வெளுத்து, நீல வானம் கறுத்து, ஊரே வேற கிரகம் மாதிரி வந்துச்சு. சிவப்பு ஃபில்டர் எட்டில் ஒரு பங்கு ஒளியைத்தான் உள்ளே விடும், அதனால ஸ்டாண்டு அவசியம். குழுவில் ஏகப்பட்ட பாராட்டு. எனக்குத் தலைகால் புரியல.

5/
மறுவாரம் பொருள். பாட்டி காலத்துப் பித்தளை காபி ஃபில்டரை எடுத்தேன். பளபளக்கிற பொருளைப் படம் எடுக்கிறது கஷ்டம். அறையில இருக்கிற எல்லாமே அதுல தெரியும். ஜன்னலுக்கு பட்டர் பேப்பர் ஒட்டி வெயிலை மென்மையாக்கினேன். நிழல் விழுந்த பக்கம் ஒளியைத் திருப்ப வெள்ளைத் தெர்மாகோல். அதைப் பிடிச்சுக்க ஆள் வேணுமே? அம்மாவைக் கூப்பிட்டேன்.

6/
"சீக்கிரம் எடுடா, நிக்க முடியல."
"அசையாதம்மா, ஒரு நிமிஷம்."
12 படத்துக்கும் இதே வசனம்தான். என் கண்ணு பித்தளை மேல இருந்த ஒரு வெள்ளைக் கோட்டை விட்டு நகரல.

7/
கழுவி ஸ்கேன் பண்ணினா, இடது கீழ் ஓரத்தில் அம்மாவோட கால் ரெண்டும் விழுந்திருக்கு. நான் குனிஞ்சு பார்த்தப்ப இல்லை. ரெட்டை லென்ஸ் கேமராவில் இதுதான் சிக்கல். படம் பிடிக்கிற லென்ஸ் கீழே இருக்கு. தூரத்து மலைக்கு அந்த வித்தியாசம் தெரியாது, கிட்டத்துப் பொருளுக்குத் தெரியும். நாம பார்த்ததுக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறதும் சேர்ந்து பதிஞ்சிடும்.

8/
வெட்டிட்டுப் போட்டிருப்பேன். ஆனா முழு நெகட்டிவை, கறுப்பு விளிம்போட, வெட்டாம போடணும்ங்கிறது எங்க குழு விதி. போட்டேன். "டோன் அருமை", "ஓரத்தில் கால் இடிக்குது" அப்படின்னு பதில் வந்துச்சு.

9/
ராத்திரி ஒருத்தர் தனியா செய்தி அனுப்பியிருந்தார். வேற ஊர்ல ஸ்டூடியோ நடத்தி ஓய்வெடுத்தவர்.
"டாக்டர் சார், தப்பா நினைக்காதீங்க. அந்தக் காலில் செருப்பு வார் பதிஞ்ச தடம் இன்னும் குழியா இருக்கு. எங்க வீட்டுல இப்படித்தான் ஆரம்பிச்சது. யாரோட கால்னு தெரியல, ஒரு தடவை பார்த்துடுங்க."

10/
பெருசாக்கிப் பார்த்தேன். வார் தடம் பள்ளமா இருக்கு, கணுக்கால் எலும்பே தெரியல. போய் அம்மாவை எழுப்பினேன். அப்பதான் கவனிச்சேன், தலைக்கு ரெண்டு தலகாணி. "எப்ப இருந்தும்மா?" "மல்லாந்து படுத்தா மூச்சு முட்டுது. ஒரு மாசமா. நீ களைச்சு வர்றே, எதுக்குச் சொல்லணும்னுதான்." முன்னங்கால் எலும்பு மேல கட்டைவிரலால அழுத்தி எடுத்தேன். குழி அப்படியே நின்னுச்சு.

11/
எக்கோவில் இதயத்தோட பம்ப் பண்ற திறன் குறைஞ்சிருந்தது. மருந்து ஆரம்பிச்சோம். நீர் இறங்கிச்சு. இப்ப ஒரே தலகாணி. இன்னும் தாமதிச்சிருந்தா நுரையீரல் முழுக்க நீர் கோத்து, ராத்திரியோட ராத்திரியா எமர்ஜென்சிக்கு ஓடியிருப்போம்.

12/
2013-ல் வந்த ஒரு ஆய்வு. அனுபவமுள்ள 24 ரேடியாலஜிஸ்ட்களிடம் நுரையீரல் சிடி படங்களைக் கொடுத்து, கட்டி தேடச் சொன்னாங்க. படத்துக்குள்ள ஒரு கொரில்லா உருவத்தை வெச்சிருந்தாங்க. 20 பேர் அதைப் பார்க்கவே இல்லை. படிச்சப்ப சிரிச்சேன். தேடுறதுதான் கண்ணுக்குத் தெரியும். நான் அன்னிக்கு வெளிச்சத்தைத் தேடினேன்.

13/
உங்களுக்கு உதவும்னு சில விஷயம்.
• பெரியவங்க காலை வாரம் ஒரு தடவையாவது பாருங்க. முன்னங்கால் எலும்பு மேல சில விநாடி அழுத்துங்க. குழி நின்னா டாக்டரைப் பாருங்க.
• கால் வீக்கம்னாலே இதயம்னு இல்லை. சிறுநீரகம், கல்லீரல் காரணமா இருக்கலாம். அம்லோடிபின் மாதிரி சில பிரஷர் மாத்திரையாலயும் வரும். நீங்களா மாத்திரையை நிறுத்தாதீங்க.
• ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி வலிச்சா ரத்தக்கட்டியா இருக்கலாம். அன்னிக்கே போங்க.
• தலகாணி கூடுதா, மூணு நாளில் ரெண்டு கிலோவுக்கு மேல எடை ஏறுதா, நடக்க மூச்சு வாங்குதா? தள்ளிப்போடாதீங்க.

14/
நன்றி சொல்ல அந்த ஸ்டூடியோக்காரருக்குப் போன் பண்ணேன். "நாப்பது வருஷமா குடும்பப் படம் எடுத்தவன் சார். ஓரத்துல யார் நிக்கிறாங்கன்னுதான் முதல்ல பார்ப்பேன்" என்றார். அவங்க வீட்டம்மா எப்படி இருக்காங்கன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசல. "லேட் ஆயிடுச்சு சார்" என்றார்.

15/
அந்தப் படத்தை வெட்டாமலே பிரிண்ட் போட்டு மாட்டியிருக்கேன். அம்மாவுக்குப் பிடிக்கல. "ஃபில்டர் நல்லா இருக்கு, என் காலை எதுக்குடா மாட்டி வெச்சிருக்கே?"ன்னு தினம் திட்டுறாங்க. திட்டட்டும்.