110 நிமிடத்தில் பாதியாகும் மருந்து

ஃபுளோரின்-18 என்ற கதிரியக்க அணு 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஐஸில் வைத்தாலும் ஈயத்துக்குள் பூட்டினாலும் அந்தக் கணக்கு மாறாது. புற்றுநோய் உடம்பில் எங்கெங்கே பரவியிருக்கிறது என்று பார்க்கும் பெட் ஸ்கேனுக்காக ஊசியில் ஏற்றுகிற எஃப்.டி.ஜி. என்ற மருந்தில் இருப்பது இந்த அணுதான். அந்த மருந்து சர்க்கரையின் சாயலில் இருப்பதால், சர்க்கரையை அள்ளித் தின்னும் புற்றுக்கட்டி இதையும் இழுத்துக்கொள்ளும். இதைச் செய்து இருப்பு வைக்க வழியில்லை. இரவில் செய்து, விடிவதற்குள் வண்டியேற்றி, காலையில் ஆஸ்பத்திரியில் இறக்கியாக வேண்டும்.

ராமேசுவரம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து மதுரைக்குப் போய் இந்த ஸ்கேன் எடுத்துவந்த பலரை எனக்குத் தெரியும். அவர்களுக்கான மருந்து யார் கைகளைக் கடந்து வருகிறது என்று பார்க்க வேண்டுமென வெகுநாளாக நினைத்திருந்தேன். மதுரையிலிருந்து நான்கு மணி நேரச் சாலைத் தொலைவில் உள்ள ஓர் உற்பத்திக் கூடம் அனுமதி தந்தது. பெயர் எதையும் எழுதுவதில்லை என்று பேச்சு. அங்கே எனக்குத் துணையாக விட்ட இருவரும் எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்களாகவே அமைந்தார்கள். உற்பத்தி உதவியாளர், வேதியியல் படித்த உச்சிப்புளிப் பெண். வண்டி ஓட்டுபவர் மண்டபத்துக்காரர். பல வருடம் கேரளத்துக்கு மீன் லாரி ஓட்டியவர்.

நள்ளிரவு தாண்டியதும், புரோட்டான்களை முடுக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் ஓடத் தொடங்கியது. தடித்த கான்கிரீட் சுவருக்கு அந்தப் பக்கம், ஆக்சிஜன்-18 செறிவூட்டிய சில மில்லிலிட்டர் தண்ணீரின் மேல் புரோட்டான்கள் மோதிக்கொண்டிருந்தன. அப்படித்தான் ஃபுளோரின்-18 பிறக்கிறது. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது அந்தப் பெண் செய்துகொண்டிருந்த வேலை. ஹாட் செல் என்று சொல்லும் ஈயச் சுவர் வைத்த பெட்டிக்குள், கதிர்வீச்சு வருவதற்கு முன்பே எல்லாவற்றையும் அவர் பொருத்தி முடிக்க வேண்டும். குழாய்கள், வால்வுகள், வினைப்பொருள் குப்பிகள், கடைசியாக 0.22 மைக்ரான் வடிகட்டி. கதவை மூடிய பிறகு கையை உள்ளே விட முடியாது. ஒரு இணைப்பு தளர்ந்திருந்தால் அன்றைய மருந்து போயிற்று. மறுபடி தொடங்கினால் காலை நோயாளிகளுக்கு எட்டாது. ஒவ்வொரு இணைப்பையும் அவர் விரலால் தொட்டு, திருகி, பதிவேட்டில் நேரத்தோடு எழுதினார்.

இந்த மருந்தின் சோதனை முறையை அவர் விளக்கியபோதுதான் அந்தக் கவனத்தின் காரணம் புரிந்தது. அமிலத்தன்மை, தூய்மை, நச்சுப்பொருள் இவற்றையெல்லாம் ஊசி போடுவதற்கு முன்பே பார்த்துவிடலாம். வடிகட்டி கிழியவில்லை என்பதையும் அழுத்தம் கொடுத்துப் பார்த்துவிடலாம். ஆனால் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு 14 நாள் வேண்டும். மருந்துக்கு ஆயுள் ஒரு பகல்தான். அந்த முடிவு வரும்போது நோயாளி ஸ்கேன் எடுத்து வீடு திரும்பி இரண்டு வாரம் ஆகியிருக்கும். அந்த இரவில் அந்த அறையில் அவர் எவ்வளவு சுத்தமாக வேலை செய்தார் என்பதை நம்பித்தான், முகம் தெரியாத ஒருவரின் நரம்பில் இதை ஏற்றுகிறார்கள்.

மார்பில் ஒரு பேட்ஜ், விரலில் மோதிரம் போல இன்னொன்று. உடம்பும் கையும் வாங்கும் கதிர்வீச்சை அவை சேர்த்து வைக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குப் பார்ப்பார்கள். இந்தியாவில் இத்தகைய தொழிலாளிக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் வரைதான் அனுமதி. எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. தன் கணக்கு அந்த வரம்புக்கு வெகு கீழே இருக்கிறது என்று காகிதத்தைக் காட்டினார். ஆனாலும் ஊரில் "மருந்துக் கம்பெனியில வேலை" என்று மட்டும்தான் சொல்லி வைத்திருக்கிறார். "கதிர்வீச்சுன்னு சொன்னா, கல்யாணப் பேச்சு வர்றப்ப அம்மாதாண்ணே கஷ்டப்படுவாங்க" என்றார். இந்தக் காகிதத்தை உச்சிப்புளியில் யார் படித்துக் காட்டுவது என்ற கவலை எனக்கும் வந்தது. படிப்பாலும் நேர்த்தியாலும் கிடைத்த ஒரு வேலையைப் பெண்பிள்ளை மறைக்க வேண்டியிருப்பது நியாயமே இல்லை.

குப்பி டங்ஸ்டன் கலத்துக்குள் போயிற்று, கலம் பெட்டிக்குள் போயிற்று. ஒரு மணி நேரம் மழை போல நீர் தெளித்து, 1.2 மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டு, 6 கிலோ இரும்புக் கம்பியை மேலே விழவிட்டுச் சோதித்த வகைப் பெட்டி அது. வெளிப்புறத்தைப் பஞ்சால் துடைத்து, பஞ்சில் கதிரியக்கம் ஒட்டவில்லை என்று உறுதி செய்தார். ஒரு மீட்டர் தள்ளி நின்று மீட்டரில் அளந்து, அந்த எண்ணை மஞ்சள் லேபிளில் எழுதினார்.

"தாயி, எம்புட்டு எழுதிருக்க?" என்று கேட்டுக்கொண்டே டிரைவர் வந்தார். எண்ணைப் பார்த்தார், தன்னிடமிருந்த மீட்டரில் தானும் ஒருமுறை அளந்தார், பிறகுதான் கையெழுத்துப் போட்டார். பெட்டியை வண்டியின் கடைக்கோடியில், தன் இருக்கையிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி வைத்துக் கட்டினார். தூரம் இரு மடங்கானால் கதிர்வீச்சு நாலில் ஒன்றாகும்; அந்தப் பாடத்தை அவர் செய்து காட்டினார். வண்டியின் இரு பக்கமும் பின்னாலும் கதிரியக்கச் சின்னம்.

புறப்படும்போது மணி நாலு. எட்டு மணிக்கு மதுரை. முதல் நோயாளிக்கு அங்கே 10 மில்லிகியூரி வேண்டுமென்றால், இங்கிருந்து 45 ஏற்ற வேண்டும். பதினோரு மணிக்கு ஊசி போடப்போகிறவருக்கு அதே 10 கிடைக்க 140 ஏற்ற வேண்டும். மிச்சமெல்லாம் வழியிலும் காத்திருப்பிலும் தீர்ந்துவிடும். ஒரு லாரி கவிழ்ந்து சாலை அரை மணி நேரம் அடைத்தால் ஆறில் ஒரு பங்கு காணாமல் போகும். பட்டியலின் கடைசி ஆளை இன்னொரு நாள் வரச் சொல்லுவார்கள். ராமேசுவரம் தீவிலிருந்து வந்தவர் என்றால் போக வர 340 கிலோமீட்டர் வீண்.

"மீன் வண்டியில வழி மறிச்சுச்சுன்னா ஐஸ் போட்டு ரெண்டு மணி நேரம் வாங்கிரலாம் தம்பி. இதுல ஒரு நிமிசம்கூட வாங்க முடியாது" என்றார் அவர். அதற்காக வேகமாக ஓட்டுவதில்லை. விபத்து நடந்தால் ஆட்களை எட்ட நிறுத்தி, பெட்டியைத் தொடாமல், எந்த எண்ணுக்குப் பேச வேண்டும் என்று எழுதிய தாளைக் கண்ணெதிரே செருகி வைத்திருந்தார். ஒரு சோதனைச் சாவடியில் சின்னத்தைப் பார்த்த காவலர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். திறக்கக் கூடாது என்று பணிவாகச் சொல்லி, காகிதங்களைக் கொடுத்து, மீட்டரைக் காட்டினார். டீ குடிக்க இறங்கவில்லை. மருந்து இருக்கும் வண்டியை ஆளில்லாமல் விட்டுப் போகக் கூடாது. திரும்பும்போது முந்தின நாள் காலிக் கலங்களை ஏற்றிக்கொள்வார். பதினெட்டு மணி நேரம் போனால் கதிரியக்கத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

மதுரையில் நான் பார்த்தவர்களில் பாம்பன்காரர் ஒருவர் இருந்தார். ஆறு மணி நேரம் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும், ஊசி போட்ட பின் ஒரு மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். முதல் நாளே வந்து தங்கியிருந்தார். 2022 டிசம்பரில் பாம்பனின் பழைய ரயில் பாலம் மூடப்பட்டு, 2025 ஏப்ரல் 6-இல் புதுப்பாலம் திறக்கும் வரை, தீவிலிருந்து நோயாளிகள் சாலைப் பாலம் வழியாகத்தான் வந்தார்கள்.

எல்லாக் கதிரியக்க மருந்தும் இப்படி ஓடுவதில்லை. தைராய்டு புற்றுக்குக் கொடுக்கும் அயோடின்-131 பாதியாக எட்டு நாள் ஆகும். டிராம்பேயில் 1985 முதல் இயங்கும் துருவா அணு உலையில் டெல்லூரியத்திலிருந்து அது உண்டாகிறது. நவி மும்பை வாஷியில் உள்ள பிரிட் என்ற அரசு நிறுவனம் மருந்தாக்கி நாடெங்கும் அனுப்புகிறது. விமானம் ஒரு நாள் தாமதித்தாலும் நூற்றில் எட்டுதான் குறையும். அதன் கஷ்டம் வேறு மாதிரி. தங்கச்சிமடத்தில் அந்தச் சிகிச்சை எடுத்த ஓர் அக்காவைப் பார்த்தேன். மருந்து அயோடினைத் தைராய்டு ஆவலோடு இழுக்க வேண்டுமென்றால், அதற்கு முன் உடம்பில் அயோடின் வறண்டிருக்க வேண்டும். அதனால் இரண்டு வாரம் அயோடின் உப்பு ஆகாது, மீன் ஆகாது, கருவாடு ஆகாது. "வீட்டுக்காரவுக பிடிச்சிட்டு வர்றது மீனு, மாமியா விக்கிறது கருவாடு. நான் என்னத்தத் திங்க?" என்று கேட்டார். தைராய்டு மாத்திரையையும் நிறுத்தியிருந்ததால் எழுந்து நடக்கவே தெம்பில்லை.

பிறகு ஆஸ்பத்திரியில் தனி அறை. சாப்பாட்டுத் தட்டு வாசலோடு நிற்கும். கழிப்பறை நீர்கூடத் தனித் தொட்டியில் தேங்கி, வீரியம் வடிந்த பிறகே வெளியேறும். வீட்டுக்கு அனுப்பும்போது, பக்கத்தில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ நெடுநேரம் உட்காராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். ராமேசுவரம் பஸ்ஸில் அதை எப்படிச் சமாளிப்பது? கடன் வாங்கிக் கார் பிடித்தார்கள். சிகிச்சை காப்பீட்டில் முடிந்தாலும் அந்தக் கார் வாடகை எந்தக் கணக்கிலும் வராது. வர வேண்டும் என்பேன்.

ராமநாதபுரத்தில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். சைக்ளோட்ரானை அங்கே கேட்பது பேராசை. டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்க மருந்து அப்படியல்ல. ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும் என்றாலும், அதன் தாயான மாலிப்டினம்-99 பாதியாக 66 மணி நேரம் எடுக்கும். அந்தத் தாயை அடைத்த ஜெனரேட்டர் ஒன்று வாரத்துக்கு ஒருமுறை வந்தால் போதும். தினமும் காலையில் உப்புநீர் விட்டு அன்றைய மருந்தை எடுத்துக்கொள்ளலாம். எலும்பு, சிறுநீரகம், இதயம், தைராய்டு என்று பெரும்பாலான அணு மருத்துவப் படங்கள் இதில் எடுப்பவைதான். காமா கேமரா ஒன்று, ஈயம் வைத்த சிறு அறை, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம், ஒரு மருத்துவர், ஒரு பாதுகாப்பு அலுவலர், மருந்து எடுத்துக் கலக்கத் தெரிந்த ஓர் ஆள், இவ்வளவுதான் வேண்டும்.

இதை உச்சிப்புளிப் பெண்ணிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"ஆளுக்குக் கவலைப்படாதீங்கண்ணே. கேமரா வர்ற சேதி தெரிஞ்சா மறுநாளே விண்ணப்பம் போட்டுருவேன். ஜெனரேட்டரக் கொண்டாந்து சேர்க்க மண்டபத்துல அண்ணன் இருக்காரு."